ஏ லெவல் இங்கிலீஷ் லிட்ரேச்சர்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

இங்கிலாந்துல ஏ லெவலுக்கு, அதாவது 16 வயசுக்கு மேல ரெண்டு வருஷம் படிக்கிற படிப்புக்கு, இங்கிலீஷ் லிட்ரேச்சர் எடுக்கலாமா வேணாமான்னு தமிழ் பசங்களும், அவங்களைவிட அதிகமா அவங்க அப்பா அம்மாவும், என்கிட்ட கேக்குறதுல முக்கால்வாசி அதே கேள்விங்கதான். ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிச்சுப் போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். நானும் இதை எடுத்து படிச்சவ, இப்ப சொல்லியும் குடுக்குறேன், அதனால கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோங்க.

ஜிசிஎஸ்இ-ல (ஏ லெவலுக்கு முன்னாடி 16 வயசுல எழுதுற பரீட்சை) படிச்ச லிட்ரேச்சர்தானே, இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கும், அவ்ளோதானே?

நானும் அப்படித்தான் நினைச்சு போனேன். ஜிசிஎஸ்இ-ல டீச்சர் சொன்ன பாயின்ட்டை ஒழுங்கா திருப்பி எழுதினாலே நல்ல கிரேடு வந்துடும். ஏ லெவல்ல அது பாதி தூரம்தான் கொண்டுபோகும், அதுக்கு மேல நகராது. முதல் வருஷம் நான் எழுதின ஒரு எஸ்ஸே மூணு பக்கம், கதையை அப்படியே ஒண்ணு விடாம சொல்லியிருந்தேன், எழுதி முடிச்சப்ப எனக்கே பெருமையா இருந்துச்சு. திரும்பி வந்தப்ப ஒவ்வொரு பாரா ஓரத்துலயும் பென்சில்ல சின்னதா ஒரே வார்த்தை, "அதனால?" மொத்தம் ஒன்பது தடவை. மார்க் எவ்ளோன்னு சொல்ல மாட்டேன்.

அந்த "அதனால?"தான் இந்த பாடமே. கதை என்னன்னு எக்ஸாமினருக்கு தெரியும், அவர் படிச்சுட்டுதான் உக்காந்திருக்காரு. எழுதினவர் ஏன் இந்த இடத்துல இந்த வார்த்தையை போட்டாரு, அதை வச்சு நீங்க என்ன வாதாடப் போறீங்க, அதுதான் அவருக்கு வேணும்.

லாங்குவேஜ், லிட்ரேச்சர், லாங்குவேஜ் அண்ட் லிட்ரேச்சர்னு மூணு இருக்கே?

மூணும் வேற வேற ஏ லெவல். லாங்குவேஜ்ங்கறது மொழியையே ஆராயறது, குழந்தை எப்படி பேச கத்துக்குது, மொழி காலப்போக்குல எப்படி மாறுது, இந்த மாதிரி. லிட்ரேச்சர் முழுக்க நாடகம், கவிதை, நாவல். மூணாவது ரெண்டும் கலந்தது. "இங்கிலீஷ்தானே"ன்னு ஃபார்ம்ல தப்பான பாக்ஸை டிக் பண்ணிட்டு செப்டம்பர்ல வந்து முழிக்கிற பசங்க நெஜமாவே இருக்காங்க, ஒருதடவை சரிபாத்துடுங்க.

மொத்தம் எத்தனை புக்? பரீட்சை எப்படி?

குறைஞ்சது எட்டு. அதுல குறைஞ்சது மூணு 1900க்கு முன்னாடி எழுதினதா இருக்கணும், அந்த மூணுல ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம் கட்டாயம், அப்புறம் 2000க்கு அப்புறம் வந்தது ஒண்ணாவது வேணும். இது ஏக்யூஏ, ஓசிஆர், எடெக்ஸெல்னு பரீட்சை நடத்துற எல்லா போர்டுக்கும் பொதுவான விதி. 2015-ல புது சிலபஸ் ஆரம்பிச்சதுலேர்ந்து ரெண்டு வருஷமும் படிச்சுட்டு கடைசியில மொத்தமா பரீட்சை, நடுவுல மாட்யூல் எழுதி மார்க் சேத்துக்குற கதையெல்லாம் போச்சு. 80 சதவீதம் பரீட்சை, 20 சதவீதம் கோர்ஸ்வொர்க், அதாவது பரீட்சைக்கு வெளிய எழுதிக் குடுக்குற எஸ்ஸே.

போர்டுக்கு போர்டு அமைப்பு மாறும். ஏக்யூஏ-வோட லிட்ரேச்சர் ஏ-ங்கற சிலபஸ் எடுத்தா ரெண்டு பேப்பர், முதல் பேப்பர் மூணு மணிநேரம், அதுல காதல்தான் முழு தீமும். ரெண்டாவது ரெண்டரை மணிநேரம், முதல் உலகப்போர் இலக்கியம் இல்லன்னா 1945க்கு அப்புறம் வந்த இலக்கியம், இதுல ஒண்ணு. ஓசிஆர்ல ரெண்டு பேப்பரும் ரெண்டரை மணிநேரம். எடெக்ஸெல்ல மூணு பேப்பர், நாடகம், நாவல், கவிதைன்னு தனித்தனியா. எந்த போர்டுன்னு நீங்க முடிவு பண்ண முடியாது, ஸ்கூல்தான் முடிவு பண்ணும், அதனால எது ஈஸின்னு ராத்திரி பூரா தேடி பிரயோஜனமில்ல. உங்க ஸ்கூல் எதுன்னு கேட்டு, அந்த போர்டோட சிலபஸை இறக்கி ஒருதடவை முழுசா படிச்சுடுங்க. பாதி பேர் ரெண்டு வருஷமும் அதை திறந்துகூட பாக்குறதில்ல.

வீட்டுல தமிழ்தான் பேசுறோம். எங்க பொண்ணால வெள்ளைக்கார பசங்களோட இதுல போட்டி போட முடியுமா?

இந்த கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இதுலதான் நம்மாளுங்க தேவையில்லாம பயப்படுறாங்க.

முதல்ல நேர்மையா ஒண்ணு. எழுதுற இங்கிலீஷ் சுத்தமா இருக்கணும், வாக்கியம் ஒண்ணோட ஒண்ணு கோத்து வரணும், அதுல சலுகை கிடையாது. ஜிசிஎஸ்இ-ல 6 கிரேடு வாங்கியிருந்தா ஏ லெவல் நடத்துற நிறைய சிக்ஸ்த் ஃபார்ம்ல சேத்துப்பாங்க, ஆனா 6-க்கு கீழ இருந்து கெஞ்சி கூத்தாடி சேந்தா ரெண்டு வருஷமும் மூச்சு முட்டும்.

ஆனா ரெண்டு மொழி தெரிஞ்சவங்களுக்கு ஒரு காது இருக்கு, அது இந்த பாடத்துல சோறு போடும். ஒரு உதாரணம். ஷேக்ஸ்பியரோட கிங் லியர் நாடகத்தோட முதல் காட்சியில ராஜா நாட்டை மகள்களுக்கு பிரிச்சு குடுக்குறாரு, யார் என்மேல அதிகம் பாசம் வச்சிருக்கீங்கன்னு கேட்டு, பதில் பிடிக்காத கடைசி பொண்ணை துரத்தி விடுறாரு. கென்ட்னு ஒரு பிரபு குறுக்க வர்றாரு. ஆரம்பத்துல பயபக்தியோட ராஜான்னு பட்டம் சொல்லி பேசுறவரு, ராஜா கேக்கலைன்னதும் திடீர்னு "தௌ" போட்டு, கூடவே ஓல்ட் மேன்னு கூப்பிட்டு, என்ன பண்ணப் போறன்னு கேட்டுடுறாரு. இங்கிலீஷ்ல இப்ப எல்லாருக்கும் "யூ"தான், அதனால கிளாஸ்ல மத்த பசங்க இந்த வரியை அப்படியே தாண்டி போயிடுவாங்க, பழைய இங்கிலீஷ் போலன்னு நினைச்சுப்பாங்க. தமிழ் பிள்ளைக்கு அப்படி இல்ல. ஷேக்ஸ்பியர் காலத்துல பெரியவங்களுக்கு "யூ", சின்னவங்க, வேலைக்காரங்க, ரொம்ப நெருக்கமானவங்களுக்கு "தௌ"ன்னு சொல்லிட்டா போதும், உடனே தலையில மணி அடிக்கும், அய்யய்யோ சபை நடுவுல ராஜாவைப் பாத்து "என்ன பண்ணப் போற, கிழவா"ன்னு கேட்டுட்டானேன்னு. நாம வீட்டுல பெரியப்பாவை ஒருநாள் தவறி "நீ"ன்னு சொல்லிட்டு ரூமே அமைதியானதை பாத்தவங்க. அந்த காட்சி முடியறதுக்குள்ள கென்ட்டுக்கு நாடு கடத்தல், அஞ்சு நாள் டைம், ஆறாவது நாள் கிளம்பிடணும். அந்த ஒரு சொல் மாறினதுல எவ்ளோ பெரிய அரசியல் இருக்குன்னு நம்ம பொண்ணு ஒரு முழு பாரா எழுதலாம், அதுவும் மனப்பாடம் பண்ணாம.

அதனால "எங்க வீட்டுல தமிழ்தான்"ங்கறதை குறையா சொல்லாதீங்க, ப்ளீஸ்.

ஏஓ ஏஓன்னு சொல்றாங்களே, அது என்ன?

அசெஸ்மென்ட் ஆப்ஜெக்டிவ், மார்க் பிரிக்கிற அஞ்சு தட்டு. ஏஓ1 உங்க வாதமும் எழுத்து நடையும். ஏஓ2 எழுத்தாளர் எப்படி அர்த்தத்தை உருவாக்குறாரு, அதாவது வார்த்தை, வடிவம், அமைப்பு. ஏஓ3 கான்டெக்ஸ்ட், அதாவது எழுதின காலமும் சூழலும். ஏஓ4 மத்த படைப்புகளோட தொடர்பு. ஏஓ5 ஒரே படைப்பை வேற வேற விதமா அர்த்தம் பண்ணி படிக்கிறது. ஏக்யூஏ ஏ-ல 25 மார்க் கேள்விக்கு இது 7, 6, 6, 3, 3ன்னு பிரியும்.

இதை தெரிஞ்சு வச்சுக்கோங்க, ஆனா அஞ்சு பாரா, பாராவுக்கு ஒரு ஏஓன்னு எழுதாதீங்க. சாம்பார்ல புளி தனியா உப்பு தனியா மிதந்தா எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கும் அந்த எஸ்ஸே. நல்ல ஒரு வாக்கியத்துலயே ரெண்டு மூணு ஏஓ சேந்தே வந்துடும்.

ஏஓ2 சுத்தமா வரல. "இந்த வார்த்தை எஃபெக்டிவ்வா இருக்கு"ன்னுதான் எழுத தோணுது.

எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான். "எஃபெக்டிவ்"ங்கற வார்த்தையை ஒரு மாசம் உங்களுக்கே தடை போட்டுக்கோங்க, பாதி சரியாயிடும்.

எப்படி பாக்கணும்னு ஒரே ஒரு வரியில காட்டுறேன். ஷேக்ஸ்பியரோட ஒதெல்லோ நாடகத்தோட கடைசி காட்சி, மனைவி டெஸ்டிமோனா தூங்குறா, அவளை கொல்லணும்னு முடிவு பண்ணிட்டு ஒதெல்லோ கையில விளக்கோட உள்ள வர்றான். அவன் சொல்ற வரி, "புட் அவுட் த லைட், அண்ட் தென் புட் அவுட் த லைட்." எண்ணிப் பாருங்க, பத்து அசை, பத்தும் ஓரசைச் சொல், ஒரு பெரிய வார்த்தைகூட இல்ல. இதே ஆளு நாடகம் ஆரம்பத்துல சபையில எவ்ளோ அலங்காரமா பேசினவன். அப்புறம் அதே நாலு வார்த்தை ரெண்டு தடவை வருது, ஆனா அர்த்தம் வேற. முதல் லைட் கையில இருக்கிற விளக்கு, ரெண்டாவது அவ உயிர். நடுவுல "அண்ட் தென்" இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கும், ஏதோ வீட்டு வேலை லிஸ்ட் மாதிரி, இதை முடி, அப்புறம் அதை முடி. இந்த வரியில கொல்லுங்கற சொல்லை அவன் வாயில எடுக்கவே இல்ல. விளக்கு அணைக்கிறதுங்கற சின்ன வேலைக்குள்ள கொலையை ஒளிச்சு வச்சுக்குறான், ஆனா அடுத்த சில வரியிலயே விளக்கை திரும்ப ஏத்தலாம், உன்னை ஏத்த முடியாதேன்னு அவனே மாட்டிக்கிறான்.

நம்ம வீட்டுல பெரியவங்க விளக்கை "அணை"ன்னு சொல்ல விட மாட்டாங்க, "குளிர வை", "மலையேத்து"ன்னுதான் சொல்லணும், ஏன்னா அணையறதுன்னாலே வேற அர்த்தம் ஒட்டிக்கும். அந்த கூச்சத்தை புரிஞ்சவங்களுக்கு இந்த வரி ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சுடும். இதை எஸ்ஸேல எழுத சொல்லல, இதுல இருந்து யோசிக்க ஆரம்பிங்கன்னு சொல்றேன்.

கவனிச்சீங்கன்னா மேல நான் மெட்டஃபர்ங்கற வார்த்தையையே சொல்லல. டெக்னிக் பேர் சொல்லணும்தான், அது ஏஓ1-ல சேரும். ஆனா பேரை சொல்லிட்டு நிறுத்திட்டா செடிக்கு பேர் எழுதின போர்டு மட்டும் வச்சுட்டு செடியை நடாத மாதிரி.

கான்டெக்ஸ்ட்னா ஹிஸ்டரி படிக்கணுமா?

கொஞ்சம். ஆனா "அந்த காலத்துல பெண்களுக்கு உரிமை இல்ல"ன்னு பொத்தாம்பொதுவா எழுதினா ஒண்ணும் கிடைக்காது. எந்த காலம், எந்த உரிமை? இங்கிலாந்துல கல்யாணமான பொண்ணு சொத்தை தன் பேர்ல முழுசா வச்சுக்க 1882 சட்டம் வர வேண்டியிருந்துச்சு. அப்ப 1840கள்ல நடக்குற ஒரு நாவல்ல பணக்கார பொண்ணு ஒருத்தனை கல்யாணம் பண்ண தயங்குறான்னா, அந்த தயக்கத்துல காதல் மட்டுமா இருக்கு? இந்த மாதிரி ஒரு வரி சட்டத்தை கதையோட ஒரு நொடிக்கு கொண்டுவந்து ஒட்டணும்.

நாடகத்துக்கு இன்னொண்ணு ரொம்ப உதவும். 1737-லேர்ந்து 1968 வரைக்கும் லண்டன்ல புது நாடகம் மேடை ஏறணும்னா லார்ட் சேம்பர்லின்ங்கற அரண்மனை அதிகாரியோட ஆபீஸ் அனுமதி வேணும், வெட்டு சொன்னா வெட்டணும். அப்ப 1940, 50கள்ல வந்த ஒரு நாடகத்துல ஏதோ ஒரு விஷயத்தை யாரும் வாய்விட்டு சொல்லாம சுத்தி சுத்தி பேசுறாங்கன்னா, அது பாத்திரத்தோட கூச்சம் மட்டும்தானா இல்ல எழுத்தாளரோட கையும் கட்டியிருந்துச்சான்னு கேக்கலாம்.

எழுத்தாளரோட பிறந்த வருஷம், அப்பா என்ன வேலை பாத்தாரு, எத்தனை கல்யாணம், இதெல்லாம் வேணாம்.

கிரிட்டிக்ஸ் சொன்னதை எல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?

லிஸ்ட் போட்டு இருபது பேரை நெட்டுரு போடுறது வேஸ்ட். சண்டை போடுற ரெண்டு பேர் போதும். ஒதெல்லோவையே எடுங்க, 1904-ல பிராட்லிங்கற விமர்சகர் அவனை உன்னதமான வீரனா பாத்தாரு, வில்லன்கிட்ட ஏமாந்தவன்னு. 1937-ல லீவிஸ்னு இன்னொரு விமர்சகர் வந்து அதெல்லாம் இல்ல, தப்பு ஒதெல்லோகிட்டயேதான், அவன் தன்னையே நாடகமா பாக்குறவன்னு போட்டு உடைச்சாரு. இப்ப மேல பாத்த விளக்கு வரியை இவங்க ரெண்டு பேர்கிட்டயும் குடுங்க, யார் என்ன சொல்லுவாங்க, நீங்க யார் பக்கம்? அவ்ளோதான் ஏஓ5. ரெண்டு பேரும் தப்புன்னு சொன்னாலும் மார்க் உண்டு, காரணம் காட்டணும்.

கொட்டேஷன் எத்தனை மனப்பாடம் பண்ணணும்?

போர்டை பொறுத்தது. ஓசிஆர்ல புக் உள்ள கொண்டுபோக முடியாது. எடெக்ஸெல்ல குறிப்பு எதுவும் எழுதாத புக் கொண்டுபோகலாம். ஏக்யூஏ ஏ-ல முதல் பேப்பரோட கடைசி பகுதிக்கும் ரெண்டாவது பேப்பருக்கும் மட்டும் புக். புக் இருந்தா ஈஸின்னு நினைக்காதீங்க, பக்கம் புரட்டியே இருபது நிமிஷம் போன பசங்களை பாத்திருக்கேன்.

எப்படியும் குட்டி கொட்டேஷன்தான் வேணும், மூணு நாலு வார்த்தை. நாலு வரி நெட்டுரு போட்டு அப்படியே கக்கினா அதுல எந்த வார்த்தையை பத்தி பேசுறீங்கன்னே தெரியாது. ஒரே கொட்டேஷனை மூணு வேற வேற கேள்விக்கு பயன்படுத்த முடியுதான்னு பாத்து தேர்ந்தெடுங்க, முடியலன்னா தூக்கி போடுங்க.

அன்சீன் கவிதைக்கு எப்படி தயாராகுறது, அதான் பாக்காத கவிதையாச்சே?

பாக்காத கவிதையை தினமும் பாத்துத்தான். வேற குறுக்கு வழி இல்ல. வாரத்துக்கு ரெண்டு கவிதை, டைமர் வச்சு பத்து நிமிஷம், முதல் தடவை சத்தமா படிங்க, ரெண்டாவது தடவை எந்த இடத்துல மூட் திரும்புதுன்னு ஒரு கோடு போடுங்க. அந்த திருப்பம் கிடைச்சா கவிதை கிடைச்ச மாதிரி. எல்லா வரியும் புரியணும்னு இல்ல, எனக்கும்தான் புரியாது.

கோர்ஸ்வொர்க்ல புக் நாமளே தேர்ந்தெடுக்கலாமா? ஏஐ வச்சு எழுதினா?

ஏக்யூஏ ஏ-ல 2500 வார்த்தையில ஒரே எஸ்ஸே, ரெண்டு படைப்பை ஒப்பிட்டு, அதுல ஒண்ணு 1900க்கு முன்னாடி. ஓசிஆர்ல மொத்தம் 3000 வார்த்தை, ரெண்டு வேலையா பிரியும். தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் ஸ்கூலை பொறுத்தது, சில டீச்சர் முழுசா விடுவாங்க, சிலர் லிஸ்ட் குடுப்பாங்க. சுதந்திரம் இருந்தா பிடிச்ச புக்கை எடுக்காதீங்க, உங்களை கடுப்பேத்தின புக்கை எடுங்க. பிடிச்ச புக்கை பத்தி எழுதும்போது பாராட்டு மடலாத்தான் வருது, கடுப்புல எழுதும்போதுதான் வாதம் வருது. இது என் சொந்த கருத்து, டீச்சர்கிட்ட சண்டை போட்டா என்னை இழுக்காதீங்க.

ஏஐ விஷயம் விளையாட்டில்ல. ஏஐ எழுதினதை உங்களுதுன்னு குடுத்தா அது மால்பிராக்டிஸ், அதாவது பரீட்சை முறைகேடு, மார்க் போகலாம், அந்த பாடமே போகலாம். குடுக்கும்போது இது என் சொந்த வேலைன்னு கையெழுத்து வேற போடுறீங்க. தவிர, ரெண்டு வருஷம் உங்க எழுத்தை படிச்ச டீச்சருக்கு திடீர்னு வேற ஒரு குரல் கேட்டா தெரியாதா என்ன.

லா படிக்க இது வேணுமா? மெடிசின் போறவங்க எடுக்கலாமா?

லாவுக்கு கட்டாயம் இல்ல, ஆனா எஸ்ஸே எழுதற பாடம் ஒண்ணு இருந்தா நல்லதுன்னு நிறைய யூனிவர்சிட்டி நினைக்குது. சில இடத்துல லா சேர எல்நாட்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அதுல பத்தி குடுத்து வாதத்தை பிரிக்க சொல்லுவாங்க, கூடவே ஒரு எஸ்ஸே, லிட்ரேச்சர் பசங்களுக்கு அது பழகின களம். மெடிசினுக்கு கெமிஸ்ட்ரி, பயாலஜி எடுத்துட்டா மூணாவது பாடம் பல காலேஜ்ல எதுவா வேணா இருக்கலாம். யூனிவர்சிட்டி சேர்க்கைக்கு கணக்கு வைக்கிற யூகாஸ் பாயின்ட் எல்லா பாடத்துக்கும் ஒண்ணுதான், ஏ ஸ்டாருக்கு 56, ஏ-க்கு 48, மேத்ஸ்னாலும் அதேதான். "லிட்ரேச்சர் எல்லாம் சும்மா பாடம்"னு சொல்ற மாமாவுக்கு இந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. அம்மாவா நான் எப்படி உதவலாம்?

சத்தியமா சொல்றேன், உங்களாலதான் முடியும். சாயங்காலம் பையனை உக்கார வச்சு, இன்னிக்கு படிச்ச காட்சியை தமிழ்ல சொல்லுடான்னு கேளுங்க. கதை சொல்லி முடிச்சதும், "அவ ஏன் அப்படி சொன்னா? நேரா சொல்லியிருக்கலாமே?"ன்னு ஒரு கேள்வி. அவன் பதில் சொல்லுவான், அதுக்கு மேல "அது எப்படி உனக்கு தெரியும், எந்த வரியில இருக்கு?" இந்த ரெண்டு கேள்விக்கு இங்கிலீஷ் எதுக்கு? எனக்கு இதை செஞ்சது எங்கம்மா, ஷேக்ஸ்பியர் ஒரு வரி படிச்சதில்ல, காய் நறுக்கிக்கிட்டே கேப்பாங்க. டெஸ்டிமோனா கைக்குட்டையை தொலைச்சுட்டு ஒதெல்லோகிட்ட தொலையலன்னு சொன்ன கதையை சொன்னப்ப, "அவ பயந்து பொய் சொல்லிட்டாளா, இல்ல அவனை காப்பாத்த சொன்னாளா"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. மறுநாள் அதையே கிளாஸ்ல கேட்டேன், மிச்ச பீரியட் முழுக்க அதுதான் ஓடுச்சு.

செப்டம்பர்ல சேரப் போறேன், லீவுல என்ன பண்ணலாம்?

லிஸ்ட்ல இருக்கிற நாவலை ஒருதடவை சும்மா கதைக்காக படிச்சு வைங்க, பென்சில் எடுக்காதீங்க. நாடகத்தை படிக்கிறதுக்கு முன்னாடி மேடையில நடிச்ச வீடியோ கிடைச்சா பாருங்க, அது பாக்கறதுக்காக எழுதினது. ஸ்டடி கைடு இப்போதைக்கு வேணாம், அடுத்தவங்க கருத்து முதல்ல மண்டையில ஏறிட்டா உங்களுது வரவே வராது. மிச்ச நேரம் தூங்குங்க, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கிடைக்காது.